காய்ச்சத் தண்ணி

தேயிலைத் தோட்டம் முடிந்து யூக்கலிப்டஸ் தொடங்குகிற இடத்தில், பஸ் மூச்சுவாங்கிக்கொண்டு வந்து நிற்கிற கடைசிக் கொண்டைஊசி வளைவுக்கு மேலே எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறது. அங்கே வெயில் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது, ஹாஸ்டல் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் பல் தனியாக வலிக்கும் ஈறு தனியாக வலிக்கும், கவுன்சலிங்கில் கிடைத்த காலேஜ் என்று கீழ்நாட்டிலிருந்து பெட்டியோடு ஏறிவந்த நாங்கள் எல்லோரும் முதல் வருஷம் முழுக்கக் குளித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு பவுடர் பூசித் திரிந்தோம். அந்தக் காலேஜில், இரண்டாம் வருஷத்துக் கார்த்திகை மாதத்தில், தெர்மல் லேபில் வைத்து, சுடலைமணி வெட்கப்பட்டான், தண்ணீர் கொதித்தது.

தெர்மல் லேப் என்று சொன்னாலும் அது நெருப்பும் நீரும் சேர்ந்த லேப். ஒரு பக்கம் பம்பு, தொட்டி, வளைந்து வளைந்து ஓடும் குழாய்கள். மறுபக்கம் ஹீட்டர், தெர்மாமீட்டர், குழாய்க்குள் குழாய் செருகி வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் எதிரெதிரே ஓடவிடுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர். இந்தச் சாமான்களில் ஒன்றுகூடப் புத்தகத்தில் போட்டிருக்கிற விடையைக் கொடுத்ததில்லை. ஆகையால் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுவது வழக்கம். அதற்கு எங்கள் பாஷையில் சமையல் என்று பேர். நன்றாகச் சமைக்கிறவன் ஒரு புள்ளியை அப்படி இப்படி நகர்த்தி வைப்பான், உப்புப் போடுகிற மாதிரி. தூத்துக்குடிப் பக்கத்துச் சுடலைமணிக்குச் சமைக்கத் தெரியாது. அவன் சீனியர் எழுதியதை அப்படியே எழுதினான், கடைசி வரி உட்பட. கடைசி வரி, ‘கரண்ட் போய்விட்டதால் இத்துடன் நிறுத்தப்பட்டது’ என்று இருந்தது.

எச்.ஓ.டி. குணசீலன் சார் ஈரோட்டுக்காரர். திட்டும்போதும் மரியாதை போட்டுத்தான் திட்டுவார். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தால் அவர் குரல் எனக்கு அச்சாக வரும்.

“ஏனுங்க தம்பி, கரண்டு எப்பங்க போச்சு?”

சுடலைமணி தலைக்குமேல் எரிகிற ட்யூப்லைட்டைப் பார்த்தான். “போகல சார்.”

“போகலீங்களா? எழுதியிருக்குதுங்களே. ஒருவேளை எனக்கு மட்டும் எரியுதோ என்னவோ.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நாங்கள் எல்லோரும் அதே சீனியர் ரெக்கார்டைத்தான் பார்த்து எழுதியிருந்தோம்.

“ஏஞ் சாமி,” என்று சார் கேட்டார், தினமும் யாரையாவது கேட்கிற கேள்விதான், யாரும் பதில் சொல்லாத கேள்விதான், “உங்களுக்கெல்லாம் சூடு சொரணை இருக்குதுங்களா?”

சுடலைமணியின் கை அப்போது தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் பிடித்தபடி இருந்தது. முதலில் அவன் காது சிவந்தது, பிறகு கழுத்து சிவந்தது, சட்டைக்காலருக்குள் இறங்கிய சிவப்பு தோள்வழியே முழங்கைக்கு வந்து விரலுக்குப் போனது, தொட்டி ஓரத்தில் கடுகு கடுகாகக் குமிழ் கிளம்பி, கடுகு உளுந்தாகி, உளுந்து நெல்லிக்காயாகி, தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஹீட்டர் சுவிட்சைப் பார்த்தார்.

“ஆஃப்லதானுங்க இருக்குது?”

“ஆஃப்லதான் சார்,” என்றான் ஜெபசிங்.

“அப்ப நின்னுட்டு என்னங்க பண்றீங்க? ரீடிங் எடுங்க.”

எங்கள் லேபில் சமைக்காமல் எடுத்த முதல் ரீடிங் அதுதான்.

அடுத்த வகுப்பிலிருந்து எல்லோரையும் தொட்டியில் கைவைக்கச் சொல்லி ஒவ்வொருவராகத் திட்டிப் பார்த்தார்கள், எல்லோருக்கும் சூடு ஏறியது. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, அரிசி வேகவில்லையா, பால் பொங்கவில்லையா. ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி ஏறியது. ஜெபசிங் அலுமினியச் சட்டி, சட்டென்று சுட்டுச் சட்டென்று ஆறுவான். பெண்கள் ஹாஸ்டல் பெல்சியா மண்சட்டி, மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மெதுவாக ஏறிச் சாயங்காலம்வரை கணகணவென்று இருப்பாள். மெஸ் மாஸ்டர் வேடிக்கை பார்க்க வந்து, “சாம்பார்ல பருப்ப எங்க அண்ணாச்சி காணும்?” என்று யாரோ கேட்டதில் ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, வீணாக்குவானேன் என்று அதிலேயே எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

சேதி மலை இறங்கிப் போனது, ஆட்கள் மலை ஏறி வந்தார்கள். பெண்வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைகளைக் கூட்டிவந்து வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்து, “ஜாதகம் பொருந்திட்டுங்க, சொரணை எத்தனை டிகிரின்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க,” என்றார்கள். கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு பிரமுகர் பத்துப்பேர் சூழ வந்து, தொட்டியில் கைவிட்டு, தன்னைப்பற்றிப் பேப்பரில் வந்ததையெல்லாம் தன் ஆளை விட்டே சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றார்; தண்ணீர்மேல் மெல்லிசாக ஐஸ் கட்டியது. அவரைக் குளிர்பதன லேபுக்கு நிரந்தரமாகக் கேட்கலாமா என்று சார் யோசித்தார்.

பிறகு தாளாளர் வந்தார். தாளாளர் இரண்டு பேரிடம் பேசினாலும் மைக் முன்னால் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவார், நடுவே கைதட்டலுக்கு இடம் விடுவார். “மானம்... என்பது... மனிதனுக்கு இறைவன் கொடுத்த... செல்வம். அது நம்ம கல்லூரியில... வீணாப் போகக் கூடாது.” கைதட்டினோம். லேப் தொட்டியிலிருந்து இரண்டு ஹாஸ்டல்களுக்கும் மெஸ்ஸுக்கும் குழாய் இழுத்தார்கள், லேப் பம்பே தண்ணீரை மேலே தள்ளியது, எங்களுக்கு முறை போட்டுக் கொடுத்தார்கள், முறைக்கு இரண்டிரண்டு பேர் தொட்டியில் கால்விட்டு உட்கார்ந்தோம், ஆசிரியர்கள் வந்து நின்று திட்டினார்கள். அந்த மார்கழியில், மலை முளைத்த காலத்திலிருந்து முதன்முறையாக, எல்லோரும் தினமும் குளித்தோம். குளியலறையில் பாட்டுக் கேட்டது. பெல்சியா தலைக்கு ஊற்றிக்கொண்டு முடியை விரித்துப்போட்டு நடந்தாள், அதைப் பார்த்து மூன்றுபேர் கவிதை எழுத ஆரம்பித்தார்கள், அதை வாசித்துக்காட்டியதில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் கிடைத்தது.

ஆனால் திட்டு பழகிவிட்டது. முதலில் “மாடு மேய்க்கப் போங்க” என்றால் கொதித்த பையன், பொங்கலுக்குள் “எத்தன மாடுங்க சார்?” என்று கேட்டான். ஆசிரியர்கள் ராத்திரி உட்கார்ந்து புதுசு புதுசாகத் திட்டுத் தயாரித்து வந்தார்கள். கெமிஸ்ட்ரி மேடம் எங்கள் அப்பா அம்மா சம்பாத்தியம் வரைக்கும் போனார், அவருக்குத்தான் காது சிவந்ததே தவிர எங்களுக்குச் சிவக்கவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகி, பிறகு பச்சையாகி, பிறகு பழையபடி பல் தெறிக்க ஆரம்பித்தது. குணசீலன் சார் தாளாளருக்கு விளக்கினார்: “பாய்லர் குழாய்ல உப்புப் படியுற மாதிரிதானுங்க. உள்ள நெருப்பு எரியும், தண்ணிக்கு வந்து சேராதுங்க.” எங்கள் உடம்பும் தொட்டால் ஜில்லென்றிருந்தது. கைகுலுக்கிக்கொள்வதை விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒரு நாள் சார் ஜெபசிங்கை நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவன் அவர் செருப்பை ஒளித்துவைத்திருந்தான். ஜெபசிங்கின் தெர்மாமீட்டர் செத்த பாம்பாகக் கிடந்தது. அந்தப் பக்கத்து மேசையில், இவன் விஷயத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் குழாய்க்கு வாஷர் மாட்டிக்கொண்டிருந்த சுடலைமணியின் கையடியில் ஈரம் புஸ்ஸென்று ஆவியானது.

“உங்களையா திட்டுனேன்?”

“இல்ல சார்.”

“அப்பறம் உங்களுக்கு என்னத்துக்குங்க சுடுது?”

சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டான். “அவனுக்குச் சுடலைல்லா சார். பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு.”

அன்றைக்குச் சாருக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளை பிறந்தவர் மாதிரி இருந்தார். வெப்பம் பொருளைத் தொட்டு ஏறும், ஓடுகிற நீரோடு ஓடி ஏறும், இரண்டும் இல்லாமல் நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தைத் தாண்டியும் ஏறும், சூரியன் நமக்கு அனுப்புகிற மாதிரி. “கதிர்வீச்சுங்க! இது கதிர்வீச்சுங்க!” என்று ஜெபசிங்கின் தோளைத் தட்டினார். தாளாளருக்குப் போன் போட்டார்.

அன்றிலிருந்து முறை கிடையாது. சுடலைமணி ஒருத்தன் தொட்டியில் கால்விட்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் செய்கிற கேவலத்துக்கெல்லாம் அவனுக்குச் சுட்டது. கொஞ்ச நாளிலேயே எங்களுக்குச் சூட்சுமம் பிடிபட்டது: வெந்நீர் வேண்டுமா, ஏதாவது மானங்கெட்டதனமாகச் செய், போதும். வாட்ச்மேன் அண்ணனை வாடா போடா என்று கூப்பிட்டோம். மெஸ்ஸில் மூன்று முறை வாங்கிவிட்டு வாங்கவில்லை என்று சத்தியம் செய்தோம். ஒருத்தன் ரூம்மேட்டுக்கு வந்த அதிரசத்தைத் தின்றுவிட்டு எறும்பைத் திட்டினான். குளிக்கப் போகிறவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லேப் ஜன்னலில் எட்டிப்பார்த்து, “மணி, கேட்டியா? நேத்து கேன்டீன் அக்காவுக்குச் செல்லாத நோட்ட மாத்திவிட்டுட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போவான், அவன் பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் குழாயில் ஆவி பறக்கும். நல்லவன் என்று பேரெடுத்தவனும் கடைசியில் செய்தான், காலையில் குளிர் அப்படி.

என்னைக் கூலிங்குக்கு வைத்திருந்தார்கள். தண்ணீர் ரொம்பக் கொதித்துக் குழாய் அதிர்ந்தால் சார், “எங்கீங்க அந்த மிமிக்ரி?” என்று கூப்பிடுவார். நான் ஓடிப்போய்ச் சுடலைமணி முன்னால் நின்று தாளாளர் தும்முவது, கெமிஸ்ட்ரி மேடம் கணவரோடு போனில் பேசுவது, பஸ் பதினோராவது வளைவில் திணறுவது எல்லாம் செய்து காட்டுவேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், பிரஷர் கேஜ் முள் இறங்கும். சார் ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை. சார் குரலில் முதல் வருஷப் பையன்களைப் பிடித்துக் காய்ச்சுவேன், “ஏனுங்க தம்பி, பெத்தவங்க பேரு வெச்சாங்களா, இல்ல நம்பர் போட்டு விட்டாங்களா?” பையன்கள் உண்மையிலேயே நடுங்குவார்கள், சுடலைமணி கொதிப்பான், ஞாயிற்றுக்கிழமையும் வெந்நீர் உண்டு என்று ஹாஸ்டலே என்னைத் தோளில் தூக்கியது. தோளில் இருந்து பார்த்தால் லேப் ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. அதனால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மாசி பிறந்தபோது அவன் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. புருவம் கருகியிருந்தது. தலையணை உறை பழுப்பேறிப் பொரிந்து உதிர்ந்தது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, தண்ணீர் ஏறாத பம்பு மாதிரி உள்ளே வெறும் காற்றுத்தான் ஓடியது. என் மிமிக்ரிக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டான். கையை மட்டும் ஆட்டி, நல்லா இருக்கு என்று காட்டுவான்.

“எலே, முடியாதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயேன்டா,” என்றேன் ஒரு நாள்.

“சொல்லணும்னுதான் தெனமும் நெனைக்கேன்.”

“பொறவு?”

“எப்படிடே சொல்ல? வெக்கமா இருக்கு.”

சொன்னதும் தொட்டி பொங்கி வழிந்து என் காலில் கொட்டியது. சுடவில்லை. என் காலில் உப்புப் படிந்து வெகுநாளாகியிருந்தது.

மாசிக் கடைசியில் காலேஜுக்குத் தரம் போட வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. தாளாளர் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார், எங்களுக்கு டை வாங்கித் தந்தார், தெர்மல் லேப் வாசலில் ‘மாசில்லா எரிசக்தி’ என்று போர்டு மாட்டினார். குழு பெற்றோரையும் பார்க்க விரும்பும் என்பதால் பொறுக்கிச் சிலருக்கு மட்டும் அழைப்புப் போனது. சுடலைமணிக்கு அப்பா அம்மா இல்லை. அக்கா சந்தனமாரிக்குப் போன் போனது.

சந்தனமாரி தூத்துக்குடியில் ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். காலைமுதல் கடை அடைக்கும்வரை நிற்கிற வேலை. வெயிலைத் தவிர வேறு எதையும் பார்க்காத ஊரிலிருந்து ஒற்றைச் சேலையோடு ஏறி, எல்லா வளைவிலும் வாந்தி எடுத்து, குழு வருகிற காலையில் கேட் முன்னால் இறங்கி நின்றாள். நானும் பெல்சியாவும்தான் வரவேற்புக் குழு. அவள் பல் கிட்டிக்கொண்டது, பேச்சு மட்டும் கிட்டவில்லை.

“நீதான் வெரைட்டியா பேசுவியாமே தம்பி? மணி போன்ல சொல்லிக்கிட்டே கெடப்பான். இப்பல்லாம் அவன் போன்ல பேசுததே இல்ல, படிப்பு சாஸ்தி போல. காலேஜுல இருந்து ஒரு சார் பேசுனாவ, உங்க தம்பி இல்லன்னா காலேஜே இல்லம்மான்னுட்டாவ. கடையில எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் குடுத்தேன். அவன் ரேங்க்கா?”

நான் பெல்சியாவைப் பார்த்தேன். பெல்சியா மலையைப் பார்த்தாள்.

“அப்படித்தான்க்கா,” என்றேன்.

“இந்தக் கோலத்துல பெரியாளுவ முன்னால நிக்க முடியாது. ஏட்டி, ஒரு சொம்பு வெந்நி கெடைக்குமா? மேலுக்கு ஊத்திட்டு வந்துருதேன்.”

அன்றைக்கு வெந்நீருக்குக் குறைவே இல்லை. குழுவுக்குக் காட்டவேண்டும் என்பதற்காக விடியலிலிருந்தே எல்லோரும் எல்லாக் கேவலங்களையும் செய்து முடித்திருந்தோம், எல்லாக் குளியலறைகளிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பெல்சியா அவளைப் பெண்கள் ஹாஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள்: சந்தனமாரி வாளியை நிரப்பினாள், ஒரு சொம்பு மொண்டாள், தலையில் ஊற்றினாள். ஊற்றியவள் அப்படியே நின்றாள். பிறகு வாளிக்குள் உள்ளங்கையை வைத்தாள், எடுத்துப் புறங்கையை வைத்தாள், நெற்றியில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

“ஏட்டி, இதை எதுல காச்சுதீய?”

பெல்சியா குழாயை மூடினாள்.

“இது காய்ச்சின தண்ணி இல்லட்டி. இது காய்ச்சத் தண்ணி. சின்ன வயசுல மஞ்சக்காமாலைக் காய்ச்சல்ல கெடந்தப்ப என் மடியிலதான் கெடந்தான், எனக்குத் தெரியாதா? எங்கட்டி அவன்?”

அவள் லேபுக்குள் வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழுவினர் மூன்று பேரும் கையில் டீயோடு தொட்டியைச் சுற்றி நின்றார்கள். குணசீலன் சார் ஜெபசிங்கைத் திட்டிக்கொண்டிருந்தார், ஜெபசிங் டையைச் சரிசெய்துகொண்டு இளித்துக்கொண்டிருந்தான், தாளாளர் “கவனியுங்கள்... நடுவில்... எந்த இணைப்பும் இல்லை,” என்று சொல்லிக் கைதட்டலுக்கு இடம் விட்டார். அந்த இடைவெளியில்தான் அவள் வந்தாள். தம்பியைப் பார்த்தாள். கருகிய புருவத்தைப் பார்த்தாள், தொட்டிக்குள் முழங்கால்வரை கிடந்த காலைப் பார்த்தாள்.

“எந்திரி மணி. ஊருக்குப் போவோம்.”

சுடலைமணி அக்காவை அண்ணாந்து பார்த்து மெதுவாகச் சொன்னான், “இப்ப வேண்டாம்க்கா. எல்லாரும் குளிச்சிட்டு இருப்பாவ. தலையில சோப்புப் போட்டுருப்பாவ. பாதியில பச்சத்தண்ணி வந்தா பாவம்லா.”

அவள் அழவில்லை, கத்தவில்லை. எங்கள் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டு வாங்கி எங்களுக்குப் பழக்கம். குனிந்து அவன் கையைப் பிடித்தாள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்டது. விடவில்லை. இன்னொரு கையால் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள், சேலை அந்த இடத்தில் பழுத்து, பொசுங்கி, வாசனை வந்தது. அவனைத் தூக்கி நிறுத்தி, ஈரக்காலோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் கால் வைத்த இடமெல்லாம் தரையில் ஈரம் பட்டதும் காய்ந்தது.

“ஏனுங்கம்மா,” என்றார் சார், “பிராக்டிகல் மார்க்கு இருக்குதுங்க, பையனுக்கு நல்லதுக்குத்தானுங்க...”

வராந்தாவில் இருக்கிற கறுப்பு இன்டர்காமை ஓடிப்போய் எடுத்தேன். எங்கள் காலேஜ் கேட்டில் எச்.ஓ.டி. சொல்லாமல் ஒரு ஈ வெளியே போகமுடியாது. வாட்ச்மேன் அண்ணன் எங்களிடம் பட்ட அவமானத்துக்கு இன்றைக்கு எவனையும் விடமாட்டார். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டேன்.

“ஏனுங்க, ஒரு அம்மாளும் பையனும் வருவாங்க. விட்டுருங்க.”

“யாரு பேசுறது?” என்றார் வாட்ச்மேன் அண்ணன். “அந்த மிமிக்ரிப் பயதானே? வைடா போன. சாரே வந்து சொல்லட்டும்.”

பின்னாலிருந்து ஒரு கை வந்து ரிசீவரை வாங்கியது. குணசீலன் சார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில், ஒரு பெண் ஒரு பையனைத் தாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தானுங்க பேசறேன்,” என்றார். “விட்டுருங்க. கேட்ட நல்லாத் தொறந்து வைங்க. பஸ்ஸு வர்ற வரைக்கும் உக்கார ஒரு சேர் எடுத்துப் போடுங்க.”

வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்க முடியவில்லை. ரிசீவர் அவர் பிடியில் இளகிப்போயிருந்தது. இழுத்து எடுத்தபோது அதில் ஐந்து விரலும் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது. இப்போதும் அந்தப் போனைத்தான் பயன்படுத்துகிறோம், யார் எடுத்தாலும் அவர் விரல் இருந்த இடத்தில்தான் விரல் போய் உட்காருகிறது.

சற்று நேரத்துக்கெல்லாம் இரண்டு ஹாஸ்டல்களிலிருந்தும் ஐயோ அம்மா என்று கூச்சல் கிளம்பியது. பச்சைத்தண்ணீர் வந்துவிட்டது. தலையெல்லாம் நுரையும் இடுப்பில் துண்டுமாகப் பையன்கள் வராந்தாவுக்கு ஓடிவந்து, “எவன்டா அவன், தண்ணிய நிறுத்துனது?” என்று எட்டிப்பார்த்தார்கள். பார்த்தவர்கள் கேட் வரைக்கும் பார்த்தார்கள். அங்கே வாட்ச்மேன் அண்ணன் சேர் போட்டிருந்தார். சுடலைமணி அதில் உட்காராமல், அக்காவை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தான், நாளெல்லாம் நிற்கிற கால் என்று. அவள் அவனை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, வெந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள். கூச்சல் ஒவ்வொரு வாயாக நின்றது. பஸ் வந்தது, ஏறினார்கள், போனது. அதற்குப் பிறகும் நுரையோடும் டையோடும் அப்படியே நின்றோம். யார் தலையிலிருந்து முதலில் ஆவி கிளம்பியது என்று தெரியவில்லை. நுரை காய்ந்து பொறுக்காகி உதிர்ந்தது. துண்டுகள் இடுப்பிலேயே மொடமொடவென்று உலர்ந்தன. ஜெபசிங் தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பொத்திய உள்ளங்கை சுட்டு எடுத்துக்கொண்டான், மறுபடி பொத்தினான்.

குழு என்ன தரம் போட்டது என்று தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. போர்டைச் சார் தானே ஏணி வைத்துக் கழற்றினார்.

அடுத்த நாள் காலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. லேப் தொட்டி காலி. பம்பு நின்று கிடந்தது. ஹாஸ்டல் குழாய், மெஸ் குழாய், தோட்டத்துக் குழாய், கிளாஸ்ரூம் பின்னாலிருக்கிற கைகழுவும் குழாய், யார் எதைத் தொட்டுத் திறந்தாலும் ஆவியோடு கொதித்துக்கொண்டு வந்தது. முகம் கழுவ முடியவில்லை, குடிக்க முடியவில்லை. சில பேர் வாளியில் பிடித்து வராந்தாவில் வைத்துக் காத்திருந்தார்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது ஆறவில்லை. எழுந்து போனால் ஆறுமோ என்று எழுந்து போனோம், திரும்பி வந்து தொட்டதும் கொதித்தது. ஜெபசிங் கேன்டீன் அக்காவிடம் போய்ச் செல்லாத நோட்டைச் சொல்லி அழுதுவிட்டு வந்தான், அவன் வாளி மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பானது. மற்றவர்களும் ஒவ்வொரு பக்கமாகப் போக ஆரம்பித்தார்கள், வாட்ச்மேன் அண்ணனிடம், மெஸ் மாஸ்டரிடம், அதிரசத்துக்காரனிடம். நான் ஞாயிற்றுக்கிழமைப் பையன்களின் ரூம் ரூமாகப் போய், என் சொந்தக் குரலில் சொல்லிவிட்டு வந்தேன். பழக்கமில்லாததால் குரல் பிசிறடித்தது, பையன்கள் அதையும் மிமிக்ரி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஆனால் சுடலைமணியிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நம்பர் எல்லோரிடமும் இருந்தது. எடுப்போம், வைப்போம். கடைசியில் அக்கா சந்தனமாரியே கூப்பிட்டாள், ஒரு சாயங்காலம், என் நம்பருக்கு. பின்னால் ஜவுளிக்கடை இரைச்சல்.

“தம்பி, மணிக்குக் காய்ச்ச விட்டுட்டு. நேத்துக் கஞ்சி குடிச்சான், இன்னைக்கி மீன் வேணும்னுட்டான். உங்கிட்ட சொல்லச் சொன்னான், அதான் கூப்பிட்டேன். அங்க எல்லாரும் எப்படி இருக்கீய? குளிரு குறைஞ்சிட்டா?”

“குறைஞ்சிட்டுக்கா.”

“குளிச்சியளா? அன்னைக்கிப் பாதியில வந்துட்டோம்னு அவனுக்கு ஒரே வருத்தம்.”

பக்கத்தில் வாளி இருந்தது. ஆவி என் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

“இல்லக்கா.”

“ஏன்டே?”

“தண்ணி இன்னும் ஆறலக்கா.”